சுவர் யாருடையது?

ஓவிய ரசனை பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. ரயில்வேயில் கட்டட வேலை பார்த்தவன். சுண்ணாம்புக் காரை பற்றி ஓரளவு தெரியும். அந்தத் துணிவில்தான் நம் சங்கத்து மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மெக்சிகோ நகரில் பெயாஸ் ஆர்ட்டெஸ் என்ற கலை மாளிகை இருக்கிறது. இசை, நடனம், நாடகம் எல்லாம் நடக்கும் அரங்கம். 1904-ல் தொடங்கிய வேலை, இளகிய மண்ணில் கட்டடம் இறங்கியதாலும் இடையில் புரட்சி வந்ததாலும் இழுத்துக்கொண்டே போய் 1934-ல்தான் முடிந்தது. அதே ஆண்டு டியேகோ ரிவேரா அங்கே ஒரு பெரிய சுவரோவியம் தீட்டினார். நீளம் 11.45 மீட்டர், உயரம் 4.80 மீட்டர். நடுவே இயந்திரத்தை இயக்கும் தொழிலாளி; ஒரு பக்கம் சீட்டாடும் செல்வர்கள்; மறுபக்கம் தொழிலாளர் கைகளை ஒன்று சேர்க்கும் லெனின்.

இதன் முதல் வடிவம் 1933-ல் நியூயார்க்கின் ராக்பெல்லர் சென்டரில் உருவானது. ஒப்புதல் பெற்ற மாதிரியில் லெனின் முகம் இல்லை. அது சுவரில் தோன்றியதும், மாற்றச் சொல்லி நெல்சன் ராக்பெல்லர் கடிதம் எழுதினார். ரிவேரா மறுத்தார், வேண்டுமானால் லிங்கனையும் சேர்க்கிறேன் என்றார். பேசிய 21,000 டாலரையும் கொடுத்து அவரை வெளியே அனுப்பி, ஓவியத்தை மூடிவிட்டார்கள். 1934 பிப்ரவரியில் இடித்தே போட்டார்கள்.

கழற்றி அனுப்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் காரை வருகிறது. இது ஈரச் சுண்ணாம்பில் வரையும் முறை. அன்றன்று வரையும் அளவுக்கே காரை பூசி, நீரில் குழைத்த வண்ணத்தைத் தீட்டவேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக் கல்லாகும்போது வண்ணமும் அதற்குள் சிறைப்படுகிறது. பிறகு ஓவியம் வேறு, சுவர் வேறு அல்ல. தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்களும் இம்முறையில் அமைந்தவை என்று ஆய்ந்தவர்கள் சொல்வார்கள்.

ஒப்புதல் பெற்ற வரைபடத்தை ஒப்பந்தக்காரர் தம் இஷ்டத்துக்கு மாற்றினால் நாங்கள் விடமாட்டோம். அந்த வகையில் ராக்பெல்லர் பக்கம் நியாயம் உண்டு. திரை போட்டு மூடியதுவரை சரி. இடித்ததை மட்டும் என் மனம் ஏற்கவில்லை. காசு கொடுத்தவருக்குச் சுவர் சொந்தம், பார்க்கவேண்டியவர்களின் கண்கள் சொந்தமா?

உதவியாளர் லூசியென் பிளாக் காவலர்களுக்குத் தெரியாமல் எடுத்திருந்த புகைப்படங்கள் மெக்சிகோவில் கைகொடுத்தன. இம்முறை காரையைச் சுவரில் பூசவில்லை. கழற்றி எடுத்துச் செல்லக்கூடிய உலோகச் சட்டத்தின்மேல் பூசினார்கள். ரிவேரா புதிதாக ஓர் உருவத்தையும் சேர்த்தார்: நெல்சனின் தந்தை, கையில் மதுக்கோப்பையோடு. அவரோ மது தொடாதவர்.