சட்டம் 1802-ல் வந்தது, இன்ஸ்பெக்டர் 1833-ல் வந்தார்

கேள்வி: போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். 19-ஆம் நூற்றாண்டு பிரிட்டன் பற்றிய பாடத்தில் 1832 சீர்திருத்தச் சட்டம், 1833 தொழிற்சாலைச் சட்டம், 1842 சுரங்கச் சட்டம், 1847 பத்து மணி நேரச் சட்டம் என்று வரிசையாக வருகின்றன. ஆண்டுகளை மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் ஒன்று புரியவில்லை. பணக்காரர்கள் மட்டுமே உட்கார்ந்திருந்த பாராளுமன்றம், ஓட்டே இல்லாத தொழிலாளர்களுக்காக ஏன் சட்டம் போட்டது? இரக்கமா, பயமா? அங்கே இவ்வளவு செய்தவர்கள் அதே காலத்தில் நம்மை ஆண்டபோது இங்கே ஏன் செய்யவில்லை?
— ஒரு வாசகி, ராஜபாளையம்

பதில்: இரக்கமும் இருந்தது, பயமும் இருந்தது. இரண்டும் சேர்ந்தால் சட்டப் புத்தகத்தில் ஒரு பக்கம் நிரம்பும். அந்தப் பக்கத்தில் எழுதியது ஆலைக்குள் நடக்க வேண்டுமென்றால், உள்ளே போய்ப் பார்க்கவும் பார்த்ததை எழுதி அச்சிடவும் அதிகாரம் பெற்ற ஓர் அரசு ஊழியர் வேண்டும். பாடப் புத்தகங்கள் இவரைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. அதனால் உங்கள் பட்டியலில் இல்லாத 1802-ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறேன்.

அந்த ஆண்டு சர் ராபர்ட் பீல் என்ற பஞ்சாலை முதலாளியே ஒரு சட்டம் கொண்டுவந்தார் (பின்னாளில் பிரதமரான பீலின் தந்தை இவர்). அநாதைப் பிள்ளைகளை ஊர் நிர்வாகங்கள் கும்பலாக ஆலைகளுக்கு அனுப்பிவைத்த காலம் அது. அந்தப் பிள்ளைகளை 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றது சட்டம். அதைக் கண்காணிக்க வேண்டியவர்கள் யார்? உள்ளூர் மாஜிஸ்திரேட் ஒருவர், பாதிரியார் ஒருவர். இருவருக்கும் சம்பளம் கிடையாது. ஆலை முதலாளியோடு ஒரே மேஜையில் விருந்து சாப்பிடுகிறவர்கள். 1819-ல் இன்னொரு சட்டம் வந்தது. பஞ்சாலைகளில் 9 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைச் சேர்க்கக் கூடாது, 16 வயது வரை 12 மணி நேரம்தான் என்றது. அதற்கும் ஆய்வாளர் கிடையாது. இரண்டு சட்டங்களும் ஏட்டோடு நின்றன.

அப்போதைய பாராளுமன்றத்தையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். ஓல்டு சாரம் என்று ஒரு தொகுதி. ஆளில்லாத ஒரு மேடு, அவ்வளவுதான். அதற்கு இரண்டு எம்.பி.க்கள். புனித ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்து, கோல்கொண்டா வைரத்தால் பேர் பெற்றாரே தாமஸ் பிட், அவர் குடும்பத்தின் கையில் வெகுகாலம் இருந்த தொகுதி அது. இன்னொரு பக்கம், நெசவும் நூற்பும் பெருகி நகரமாகிவிட்ட மான்செஸ்டருக்கும் லீட்ஸுக்கும் ஓர் எம்.பி. கூட இல்லை. 1831-ல் சீர்திருத்த மசோதாவைப் பிரபுக்கள் சபை தள்ளியதும் நாட்டிங்காம் கோட்டை எரிந்தது, பிரிஸ்டல் நகரம் கலவரத்தில் மூழ்கியது. மறு ஆண்டு மசோதா நிறைவேறியது. 56 செத்த தொகுதிகள் ஒழிந்தன, மான்செஸ்டருக்கும் லீட்ஸுக்கும் இடம் கிடைத்தது. ஆனால் நகரங்களில் ஆண்டுக்கு 10 பவுண்டு மதிப்புள்ள வீடு இருந்தால்தான் ஓட்டு. வயது வந்த ஆண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத்தான் அது கிடைத்தது. தெருவில் இறங்கிப் போராடிய தொழிலாளி வெளியிலேயே நின்றான். பெண்களை அந்தச் சட்டத்தின் வாசகமே வெளியே நிறுத்தியது.

லீட்ஸில் 1832 டிசம்பரில் நடந்த தேர்தலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகும். அந்த ஆண்டில்தான் மைக்கேல் சாட்லர் என்ற எம்.பி. ஒரு குழு அமைத்து, ஆலைப் பிள்ளைகளையும் பிள்ளைப் பருவத்திலேயே முடமான தொழிலாளர்களையும் அழைத்துச் சாட்சியம் வாங்கினார். நாடே அதிர்ந்தது. அதே சாட்லர் லீட்ஸில் போட்டியிட்டுத் தோற்றார். ஜெயித்த இருவரில் ஒருவர் ஜான் மார்ஷல், ஊரின் பெரிய ஆலைக் குடும்பத்தைச் சேர்ந்தவர். இன்னொருவர் மெக்காலே. ஆமாம், 1834-ல் சென்னையில் வந்திறங்கி ஊட்டிக்குப் போய் கவர்னர் ஜெனரல் பெண்டிங்கைச் சந்தித்து, மறு ஆண்டு நம் கல்வியின் தலையெழுத்தை மாற்றியெழுதிய அதே மெக்காலே. புது வாக்காளர்கள் கைக்கு வந்த முதல் ஓட்டு, ஆலைப் பிள்ளைகளுக்காகப் பேசியவரை வெளியேற்றியது.

சாட்லர் ஒரு தரப்பை மட்டுமே கேட்டார் என்று முதலாளிகள் புகார் செய்தார்கள். அரசு ஒரு ராயல் கமிஷனை ஆலை ஊர்களுக்கே அனுப்பியது. முதலாளிகள் எதிர்பார்த்தது வேறு, வந்த அறிக்கை வேறு. அதன் பயனாக வந்ததுதான் 1833 சட்டம். 9 முதல் 13 வயது வரை வாரம் 48 மணி நேரம், 18 வயது வரை வாரம் 69 மணி நேரம், இளம் வயதினருக்கு இரவு வேலை இல்லை, சின்னப் பிள்ளைகளுக்குத் தினம் இரண்டு மணி நேரம் பள்ளிக்கூடம். பெரியவர்களுக்கு ஒன்றும் இல்லை. எல்லாருக்கும் பத்து மணி நேரம் கேட்டுப் போராடிய ரிச்சர்டு ஓஸ்ட்லர் போன்றவர்களுக்கு இது பெரிய ஏமாற்றம். ஆனால் அவர்கள் அவ்வளவாகப் பொருட்படுத்தாத ஒரு பிரிவு அதில் இருந்தது: அரசுச் சம்பளத்தில் நான்கு ஆய்வாளர்கள். எந்த ஆலைக்குள்ளும் நுழையலாம், விதிகள் வகுக்கலாம், அபராதம் போடலாம். அரசுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும்.

ஆயிரக்கணக்கான ஆலைகளுக்கு நான்கு பேர். முதல் சிக்கல் மிகச் சாதாரணமானது: எதிரே நிற்கும் பிள்ளைக்கு என்ன வயது? இங்கிலாந்தில் பிறப்புப் பதிவு தொடங்கியதே 1837-ல்தான். அதுவரை ஒரு மருத்துவர் பார்த்து, ஒன்பது வயதுப் பிள்ளைக்குரிய உடற்கட்டும் தோற்றமும் இருக்கின்றன என்று எழுதிக்கொடுத்தால் போதும். வாரக் கூலியை நம்பியிருந்த பெற்றோர் வயதைக் கூட்டிச் சொன்னார்கள். ஒரு பிள்ளையைக் காட்டி வாங்கிய சான்றிதழில் அதன் தம்பியோ தங்கையோ வேலைக்குப் போனது. உயரத்தை அளந்து பார்த்தார்கள். 1837-ல் எட்வின் சாண்டர்ஸ் என்ற பல் மருத்துவர், பல்லைப் பார்த்து வயதைச் சொல்லலாம் என்று ஒரு சிறு நூலே வெளியிட்டார். ஓர் ஆலை வாசலில் பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு வரிசையில் நின்றதை நினைத்துப் பாருங்கள். சட்டம் நடைமுறைக்கு வந்தது அந்த வரிசையில்தான்.

அடுத்தது நேரம். ஆலைக் கடிகாரம் முதலாளியுடையது. காலையில் ஐந்து நிமிடம் முன்னால் சங்கு, சாப்பாட்டு இடைவேளையில் ஐந்து நிமிடம் திருட்டு, மாலையில் ஐந்து நிமிடம் கூடுதல். 1844 சட்டம் இதற்காகவே, ஆய்வாளர் ஒப்புக்கொண்ட பொதுக் கடிகாரத்தின்படிதான் வேலை நேரம் என்றது. இயந்திரங்களுக்குத் தடுப்பு வேலி போடச் சொன்னதும், வயது வந்த பெண்களை முதல்முறையாக நேரக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்ததும் அதே சட்டம். அதே சட்டம் பிள்ளைகளின் குறைந்தபட்ச வயதை 9-லிருந்து 8-ஆகக் குறைக்கவும் செய்தது, அரை நாள் வேலை அரை நாள் பள்ளி என்ற பெயரில். இந்த வரலாறு நேர்கோட்டில் முன்னேறவே இல்லை.

லியோனார்டு ஹார்னர் என்பவரைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எடின்பரோக்காரர், நிலவியல் அறிஞர். 1833 முதல் 1859 வரை ஆலை ஆய்வாளராக இருந்தார். பெரும்பகுதி லங்காஷயரில், அதாவது எதிரியின் கோட்டையிலேயே. வழக்குப் போட்டால் விசாரிக்கிற மாஜிஸ்திரேட் பல ஊர்களில் ஆலை முதலாளி, இல்லாவிட்டால் அவர் உறவினர். தண்டனை, சில்லறை அபராதம். ஹார்னர் சலிக்கவில்லை. எந்த ஆலை, எத்தனை பிள்ளைகள், எத்தனை மணி, மாஜிஸ்திரேட் என்ன சொன்னார் என்று அறிக்கைகளில் பதிவு செய்துகொண்டே இருந்தார். பிற்காலத்தில் மார்க்ஸ் ‘மூலதனம்’ எழுதியபோது இந்த அறிக்கைகளைத்தான் கட்டுக்கட்டாகப் பயன்படுத்தினார், ஹார்னரைப் பெயர் சொல்லிப் பாராட்டவும் செய்தார். முதலாளித்துவ அரசின் ஊழியர் ஒருவர் அதன் மிகப் பெரிய எதிரியிடம் வாங்கிய நற்சான்று அது.

சுரங்கத்தில் இதற்கு நேர் எதிரான பாடம். சுரங்க வேலை பற்றிய 1842 அறிக்கை படங்களோடு வெளிவந்தது. இருட்டில் தவழ்ந்து வண்டி இழுக்கும் பிள்ளைகளைப் பார்த்துச் சீமாட்டிகள் கலங்கினார்கள். சாரா கூடர் என்ற எட்டு வயதுச் சிறுமி, காற்றுக் கதவைத் திறந்து மூடும் வேலை தனக்கு என்றும், விளக்கு இருந்தால் பாடுவேன், இருட்டில் பாடப் பயம் என்றும் சொன்னது அதில்தான் இருக்கிறது. ஆஷ்லி பிரபு கொண்டுவந்த சட்டம், பெண்களையும் 10 வயதுக்குட்பட்ட சிறுவர்களையும் சுரங்கத்துக்குள் இறக்கத் தடை விதித்தது. ஆனால் நியமித்தது ஒரே ஓர் ஆய்வாளரை. அவரும் சுரங்கத்தில் இறங்கிப் பார்ப்பது தன் வேலை என்று நினைக்கவில்லை. தடையை மீறிப் பெண்கள் சில இடங்களில் தொடர்ந்து இறங்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வேலையைப் பறித்த சட்டம் அவர்களுக்கு வேறு கூலிக்கு வழி சொல்லவில்லை. உள்ளே இறங்கிப் பார்க்கும் ஆய்வாளர்கள் 1850-ல்தான் வந்தார்கள்.

இப்போது உங்கள் ‘ஏன்’. ஆளும் கூட்டம் ஒரே கூட்டமாக இல்லை, அதுதான் முதல் காரணம். நிலப்பிரபுக்களுக்கும் ஆலை முதலாளிகளுக்கும் ஆகாது. ரொட்டி விலையை ஏற்றிவைத்திருந்த தானியச் சட்டங்களை ஒழிக்கச் சொன்னார்கள் முதலாளிகள். 1846-ல் பிரதமர் பீல் ஒழித்தார். ஆத்திரம் தீராத நிலப்பிரபுக்களில் பலர் மறு ஆண்டே பத்து மணி நேர மசோதாவை ஆதரித்தார்கள். அதைக் கொண்டுவந்த ஜான் ஃபீல்டனும் ஆலை முதலாளிதான், சின்ன வயதில் அப்பாவின் ஆலையிலேயே உழைத்தவர். ஆலையின் லாபம் முழுக்க வேலை நாளின் கடைசி மணி நேரத்தில்தான் இருக்கிறது, அதை வெட்டினால் தொழிலே போய்விடும் என்று பொருளியல் அறிஞர் நாசோ சீனியர் 1837-ல் எழுதியிருந்தார். தொழில் போகவில்லை. மெக்காலே கூட 1846-ல் பத்து மணி நேரத்தை ஆதரித்துப் பேசினார்.

இரண்டாவது காரணம் பயம், அதற்குப் பெயர் சாசன இயக்கம். ஆண்கள் எல்லாருக்கும் ஓட்டு, ரகசிய வாக்கெடுப்பு, எம்.பி.க்களுக்குச் சம்பளம் முதலான ஆறு கோரிக்கைகளோடு 1842-ல் 33 லட்சம் கையெழுத்துகள் வந்தன. பாராளுமன்றம் 287-க்கு 49 என்ற கணக்கில் அதைக் காதில் போட்டுக்கொள்ள மறுத்தது. அதே ஆண்டு சுரங்கச் சட்டம், இரண்டு ஆண்டில் ஆலைச் சட்டம். ஓட்டைக் கொடுக்காமலிருக்கப் பாதுகாப்பைக் கொடுத்தார்கள் என்றே நான் இதைப் படிக்கிறேன். ஆறில் ஐந்து கோரிக்கைகள் பிறகு நிறைவேறின: ரகசிய வாக்கெடுப்பு 1872-ல், எம்.பி. சம்பளம் 1911-ல், எல்லா ஆண்களுக்கும் ஓட்டு 1918-ல். கையெழுத்துப் போட்டவர்களில் அநேகர் அதற்குள் மண்ணுக்குள் போய்விட்டார்கள்.

1847 சட்டத்தையும் முதலாளிகள் சும்மா விடவில்லை. ஆட்களை மாற்றி மாற்றி ஷிப்ட் போட்டு, யார் எப்போது வேலை செய்தார்கள் என்று ஆய்வாளர் கண்டுபிடிக்க முடியாதபடி செய்தார்கள். 1850-ல் நீதிமன்றமும் அதைச் செல்லும் என்றது. உடனே பாராளுமன்றம், பெண்களும் இளம் வயதினரும் காலை 6 முதல் மாலை 6, அல்லது 7 முதல் 7, நடுவே ஒன்றரை மணி நேரம் சாப்பாடு, சனிக்கிழமை 2 மணியோடு சரி என்று தீர்த்தது. வாரம் 60 மணி நேரம். பத்து மணி நேரம் பத்தரை ஆனது தோல்விதான். ஆனால் இனி ஆய்வாளர் வாசலில் கடிகாரத்தோடு நின்றாலே போதும். ஆலைகளில் ஆண்களின் வேலையும் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் அடங்கியது.

இங்கே ஏன் வரவில்லை என்று கேட்டீர்கள். 1833 ஆகஸ்ட் 28-ம் 29-ம் தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். 28-ல் அடிமை ஒழிப்புச் சட்டத்துக்கும் கிழக்கிந்திய கம்பெனியின் புதிய சாசனச் சட்டத்துக்கும், 29-ல் தொழிற்சாலைச் சட்டத்துக்கும் மன்னரின் ஒப்புதல் கிடைத்தது. அடிமை ஒழிப்புச் சட்டத்தில், கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்கும் இலங்கைக்கும் இது பொருந்தாது என்று ஒரு பிரிவு தெளிவாகவே எழுதப்பட்டிருந்தது. அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடு. அடிமைகளுக்கு ஒரு காசு இல்லை. கரும்புத் தோட்டங்களில் அவர்கள் இடத்தை நிரப்ப 1834 முதல் மொரீஷியஸுக்குக் கப்பலேறியவர்களில் நம் மக்களும் உண்டு. கம்பெனி இந்தியாவில் அடிமைமுறைக்குச் சட்ட ஆதரவு நீங்கியது 1843-ல்.

இந்தியாவுக்கு ஆலைச் சட்டம் வந்தது 1881-ல், அதுவும் பம்பாய் ஆலைகளின் போட்டியைக் கண்டு லங்காஷயர் முதலாளிகள் நெருக்கிய பிறகு. சொராப்ஜி ஷாபூர்ஜி பெங்காலி போன்ற இந்தியர்கள் உண்மையான அக்கறையோடு கேட்டும் இருந்தார்கள். வந்த சட்டம் 7 வயதுக் குழந்தையை ஆலைக்குள் அனுமதித்தது, 12 வயது வரை ஒன்பது மணி நேரம் என்றது. பெண்களுக்கு வரம்பு 1891-ல் வந்தது, 11 மணி நேரம். சென்னையில் 1918-ல் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் தொழிற்சங்கம் கட்டியபோது தொழிலாளர்கள் முதலில் சொன்ன குறைகளில் ஒன்று, சாப்பிட நேரம் போதவில்லை என்பது. லங்காஷயர் பெண்களுக்கு 1850-ல் கிடைத்த 60 மணி நேர வாரம் இந்திய ஆலைத் தொழிலாளிக்கு 1922-ல்தான் சட்டமானது.