பாட்டியின் நோயைப் பேரன் சொல்லலாமா?

கேள்வி: என் மாமியாருக்கு 68 வயது. தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மலாய் கடைகண்ணிக்குப் போதுமான அளவுதான் தெரியும். இனிப்பு நீருக்கு அரசாங்கக் கிளினிக்கில் மருந்து எடுக்கிறார். நான் வேலைக்குப் போவதால், இடைநிலைப்பள்ளியில் படிக்கும் என் மகன்தான் கூடப் போய் மலாயில் பேசுகிறான். போன மாதம் டாக்டர் ஏதோ கேட்க, இருவரும் வாய் திறக்காமல் வந்துவிட்டார்கள். மாதவிலக்கு நின்று பல வருஷமாகியும் இரத்தம் படுகிறது என்று மாமியார் பிறகு என்னிடம் சொன்னார். மகனைத் தொடர்ந்து அனுப்பலாமா?
— வாசகி, செரண்டா

பதில்: சகோதரி, அவசரமானதை முதலில் சொல்கிறேன். மாதவிலக்கு நின்றபின் துளி இரத்தம் பட்டாலும் பரிசோதிக்க வேண்டும். பெரும்பாலும் சாதாரணக் காரணமாகவே இருக்கும். ஆனால் கருப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். அடுத்த தேதிவரை காத்திருக்காமல், இந்த வாரமே நீங்கள் அழைத்துப் போங்கள். பெண் டாக்டர் வேண்டுமென்று கேளுங்கள்.

மற்ற வழக்கமான தேதிகளில் மகன் துணைக்குப் போகட்டும். பேசும் பொறுப்பு அவனுக்கு வேண்டாம். பேரன் எதிரில் பாட்டி இதைச் சொல்லமாட்டார். அவர் சொன்னாலும் அவனுக்கு டாக்டரிடம் சொல்லக் கூச்சமாக இருக்கும். டாக்டர் கெட்ட செய்தி சொன்னால், அதையும் அந்தப் பிள்ளைதான் சுமக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் தோட்ட ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர்மார் (மருத்துவ உதவியாளர்கள்) தமிழிலேயே விசாரித்தார்கள். அவர்களைப் பதிவு செய்ய 1965இல் தனிச் சட்டமே வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தபின் அந்த வசதி போய்விட்டது. ஆகவே நாம்தான் வாய்திறந்து கேட்க வேண்டும். நம்பர் எடுக்கும்போதே, "அடா ஸ்டாஃப் யாங் போலே சாகாப் தமிழ்?" என்று கேளுங்கள். தமிழ் பேசும் தாதியோ மருந்தாளரோ உள்ளே இருக்கக்கூடும். யாரும் இல்லையென்றால், டாக்டரின் அனுமதியோடு உங்களுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் பேசச் சொல்லுங்கள். கடைசியில் மருந்தை எப்போது, எத்தனை சாப்பிடுவது என்று மாமியாரே திருப்பிச் சொல்லட்டும். தவறு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

இன்னொன்று: வெள்ளிக்கிழமை, புரட்டாசிச் சனி விரதங்களை மறைக்க வேண்டாம். வெறும் வயிற்றில் சில இனிப்பு நீர் மாத்திரைகளைப் போட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கி, வியர்த்து, நினைவே தப்பலாம். ரமலான் நோன்புக்கு மருந்து நேரத்தை மாற்றிக் கொடுத்துப் பழகியவர்கள் நம் டாக்டர்கள். "புவாசா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், விரதத்துக்கும் வழி சொல்வார்கள். பாகற்காய்ச் சாறு, நாட்டு மருந்து குடிப்பதையும் சொல்லிவிடுங்கள்.

செலாயாங் போன்ற பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்து, அங்கே சம்மதப் பாரம் நீட்டினால், விளங்காமல் கைநாட்டு வைக்க வேண்டாம். சிகிச்சையிலுள்ள முக்கிய ஆபத்துகளை நோயாளிக்குச் சொல்வது டாக்டரின் கடமை என்று 2006இல் ஃபூ ஃபியோ நா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விளங்காத மொழியில் சொன்னால் அது சொன்னதாகாது. தமிழில் விளக்கம் கேட்பதற்கு உங்கள் மாமியார் தயங்கவே வேண்டாம்.