கடல் சொல்வதை முழுசாக எழுது

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பவளங்களின் இனப்பெருக்கத்தைப் படிக்க ஆசைப்பட்டுப் போன உன்னிடம், தலைப்பில் 'பருவநிலை மாற்றம்' இருந்தால்தான் நிதி கிடைக்கும் என்று நெறியாளர் சொன்னது உனக்கு வருத்தமாக இருக்கிறது. எனக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை, அம்மா. தாராளமாகச் சேர்த்துக்கொள்.

விஞ்ஞானிகளைக் கடலுக்கு அனுப்பியது பெரும்பாலும் அந்தந்தக் காலத்துக் கவலைதான். முத்துக்குளிப்பு ஏன் அடிக்கடி பொய்க்கிறது என்று பார்க்கத்தான் 1902இல் ஹெர்ட்மேன் என்ற விலங்கியலாளர் இலங்கைக்கு வந்தார். உதவியாளர் ஹார்னெலோடு சேர்ந்து மன்னார் வளைகுடாவின் முத்துப்பார்களை அலசினார். தேடி வந்தது சிப்பியை. ஆனால் 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்த அறிக்கையில் கடற்பஞ்சுக்கும் பவளத்துக்கும்கூட இடமிருந்தது. முத்துக்குளிப்பு போய்விட்டது, அந்தப் பதிவு நிற்கிறது.

இன்றைய கவலை வெப்பம். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் நம் வளைகுடாவில் பவளங்கள் வெளுத்தன. நீர் சூடேறினால் பவள உயிரி தன் திசுவுக்குள் வாழும் நுண்பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. நிறமும் உணவில் பெரும்பகுதியும் அதோடு போய்விடும். சீக்கிரம் சூடு தணிந்தால் பிழைக்கும், நீடித்தால் சாகும். இதைப் பார்த்த பிறகு ஆய்வாளர்கள் இந்தப் பக்கம் திரும்பாமல் இருந்தால்தான் தவறு.

ஆனாலும் உன் பழைய ஆசையை விட்டுவிடாதே. 1980களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் இரவில் முக்குளித்த சில இளம் ஆய்வாளர்கள், பௌர்ணமி கழிந்த சில நாளில் பல இனப் பவளங்கள் ஒன்றாக முட்டையும் விந்தும் நீரில் விடுவதைக் கண்டார்கள். பவளங்கள் பெரும்பாலும் குஞ்சை உடலுக்குள் வளர்ப்பவை என்றே அதுவரை நம்பியிருந்தார்கள். 1984இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான அந்த ஆய்வை, வெப்பத்துக்கு மருந்து தேடி யாரும் செய்யவில்லை. இன்று அதே இரவுகளில் சேகரித்த இளம்புழுக்களை வளர்த்து, சிதைந்த பாறைகளில் விடுகிறார்கள். அந்தக் குழுவில் இருந்த பீட்டர் ஹாரிசனே இதில் முன்னோடி. நீ படிக்க நினைத்ததும் இதைத்தானே?

எனக்குப் பயம் வேறொன்றில். நிதி தரும் கேள்வி, விடையையும் கையில் கொடுத்துவிடும். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் மூழ்கிவிட்டன. விஷயம் தெரியாதவர்கள் கடல்மட்டம் உயர்ந்ததால் என்பார்கள். சுண்ணாம்புக்காக ஆண்டுக்கணக்கில் பவளப்பாறையை வெட்டி அள்ளியதால் அலையைத் தடுக்க ஒன்றுமில்லாமல் கரைந்தவை அவை. பவளத்துக்குச் சட்டப் பாதுகாப்பு 2001இல்தான் வந்தது. எல்லாவற்றையும் சூட்டின் தலையில் கட்டினால் வெட்டியவர்கள் தப்பித்துவிடுவார்கள். அது எனக்குப் பொறுக்காது.

ஆகவே வெப்பமானியோடு நிற்காதே. நீரின் கலங்கலையும், படியும் வண்டலையும், பாறையில் சிக்கிக் கிடக்கும் வலையையும் குறித்துவை. வெளுக்காத பவளத்தை வெளுத்ததற்குச் சமமாக எழுது. ஆய்வேட்டில் இடமில்லாவிட்டாலும் நோட்டில் இருக்கட்டும். சங்கு குளிக்கும் பெரியவர்களிடம் உட்கார்ந்து, எந்தப் பார் எப்போது மண் மூடியது என்று கேள். பௌர்ணமி கழிந்த இரவுகளுக்கு இப்போதே படகு பேசிவை. துணையில்லாமல் நீரில் இறங்காதே.

அன்புடன்,
மாமா