ஊர் திரும்புவீர்களா?

ஜோர்தான் நாட்டின் வடபகுதியில், சிரியாவின் எல்லையிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில், சாத்தரி என்னும் அகதிகள் முகாம் உள்ளது. 2011-ஆம் ஆண்டு சிரியாவில் உள்நாட்டுப் போர் மூண்டது. எல்லையை ஒட்டிய தராஆ பகுதி மக்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு இரவோடு இரவாக ஜோர்தானுக்குள் நுழைந்தனர். அவர்களுக்காக 2012 ஜூலைத் திங்களில் வெறும் பாலை நிலத்தில் இம்முகாம் எழுப்பப்பட்டது. முதலில் கூடாரங்கள் இருந்தன. பின்னர்த் தகர வீடுகள் வந்தன. கடைத்தெரு ஒன்றும் உருவாயிற்று. பாரிசு நகரத்துப் பெருவீதியின் பெயரைச் சற்றே திரித்து, அதற்கு ‘ஷாம் எலிசே’ என்று மக்கள் வேடிக்கையாகப் பெயரிட்டனர். ஷாம் என்பது சிரியாவுக்கு அரபு மொழியில் வழங்கும் பழம்பெயர். நகைச்சுவைக்காக வைத்த பெயரிலும் அவர்கள் தம் நாட்டை விட்டுவிடவில்லை.

இத்தகைய முகாம்களில் வாழ்வோரிடமும், நகரங்களின் வாடகை வீடுகளில் ஒதுங்கியிருப்போரிடமும் ஆண்டுதோறும் ஒரு வினா கேட்கப்பட்டு வந்தது. ஐக்கிய நாடுகளின் அகதிகள் உயர் ஆணையரகம் 2017-ஆம் ஆண்டு முதல் எகிப்து, ஈராக், ஜோர்தான், லெபனான் ஆகிய நான்கு நாடுகளில் இருந்த சிரியா நாட்டு அகதிகளிடம் இதனைக் கேட்டது. ‘ஊர் திரும்புவீர்களா?’ என்பதே அவ்வினா.

கேட்பதற்கு எளிய வினா இது. இதற்கு வரும் விடையைக் கொண்டு எத்தனையோ செயல்கள் முடிவு செய்யப்படுகின்றன. எத்தனை பேருக்கு உணவு வேண்டும், எத்தனை வகுப்பறைகள் வேண்டும், சிரியாவில் எந்தக் கிணற்றை முதலில் தூர் வாரவேண்டும், எந்தப் பாதையில் புதைவெடிகளை முதலில் அகற்றவேண்டும் என்பனவெல்லாம் இவ்விடையைப் பொறுத்தவை. அடைக்கலம் தந்த நாடுகளின் அரசுகளும் இவ்விடைக்குக் காத்திருக்கும். மக்கள்தொகையோடு ஒப்பிடும்போது, லெபனானைப்போல் மிகுதியான அகதிகளை ஏற்றுக்கொண்ட நாடு வேறில்லை எனலாம். அச்சிறிய நாட்டில், ‘இவர்கள் எப்போது போவார்கள்?’ என்னும் பேச்சு எழுந்தது வியப்பன்று. ஆதலின் வினாவை எழுதுவோர் ஒவ்வொரு சொல்லையும் எண்ணி எழுதவேண்டியவராயினர்.

அவர்கள் முதலில் கண்டது, ‘திரும்புவீர்களா?’ என்ற ஒரு வினாவுக்குள் இரண்டு வினாக்கள் ஒளிந்துள்ளன என்பதாகும். ‘என்றேனும் ஒருநாள் திரும்பும் நம்பிக்கை உண்டா?’ என்பது ஒன்று. ‘வரும் பன்னிரண்டு திங்களுக்குள் திரும்ப எண்ணியுள்ளீர்களா?’ என்பது மற்றொன்று. முன்னது உள்ளத்தின் ஏக்கத்தைக் கேட்கிறது. பின்னது மூட்டை கட்டிவிட்டீர்களா என்று கேட்கிறது. 2024-ஆம் ஆண்டின் முற்பகுதியில் இவ்விரண்டையும் தனித்தனியே கேட்டபோது வந்த விடைகள் கருதத்தக்கவை. என்றேனும் திரும்புவோம் என நம்பியோர் நூற்றுக்கு 57 பேர். ஓராண்டுக்குள் திரும்ப எண்ணியோர் நூற்றுக்கு 1.7 பேர். அஃதாவது, ஆயிரம் பேரை நிறுத்திக் கேட்டால் 570 பேர் தம் ஊரை நினைத்துக் கைதூக்குவர். அவருள் இவ்வாண்டே புறப்படுவோர் யார் எனக் கேட்டால் 17 கைகளே உயர்ந்து நிற்கும். இரண்டையும் ஒரே வினாவாகக் கேட்டிருந்தால், ஏக்கத்தைப் பயணமாகக் கணக்கிட்டு, வாராத மக்களுக்குச் சோறு சமைத்த கதையாகியிருக்கும்.

ஏக்கத்துக்கும் பயணத்துக்கும் இடையே நின்ற தடைகள் யாவை? வீடு இடிந்து கிடந்தது. வீட்டுக்கு உரிய பத்திரம் தீயில் போயிற்று. அன்றி, எல்லை கடக்கும்போது தொலைந்தது. இளைஞர் திரும்பினால் கட்டாயப் படைப்பணிக்குப் பிடித்துச் செல்லப்படுவர் என்ற அச்சம் பெற்றோரை வாட்டியது. சிறை என்ற சொல்லைக் கேட்டாலே நடுங்கிய குடும்பங்கள் பல. இவையனைத்தும் நீங்கினாலும், அங்கே என்ன தொழில் செய்து பிழைப்பது என்னும் கவலை எஞ்சியிருந்தது. மேலும், முகாம் எழுந்த ஆண்டில் அதனுள் பிறந்த குழந்தை 2024-இல் பன்னிரண்டு வயதுச் சிறுவனாகிவிட்டான். தந்தைக்குத் திரும்புதலாக இருப்பது அவனுக்குப் புதிய நாட்டுக்குக் குடிபோதலாகும். ‘திரும்புதல்’ என்ற சொல்லே ஒரு குடும்பத்துள் எல்லாருக்கும் பொருந்துவதில்லை.

இனி, யாரைக் கேட்பது என்பதும் எளிய செய்தியன்று. சாத்தரியில் பல ஆண்டுகள் ஏறத்தாழ 80,000 பேர் வாழ்ந்தனர். அங்கே சென்றால் ஒரே நாளில் நூறு வீடுகளைக் காணலாம். எனினும், ஜோர்தானில் இருந்த சிரியா மக்களுள் பெரும்பாலோர் முகாமில் இல்லை. அம்மான், இர்பித், மபராக் முதலிய நகரங்களில் பரவியிருந்தனர். லெபனானிலோ அவர்களுக்கென அரசு அமைத்த முகாமே இல்லை. பெக்கா பள்ளத்தாக்கின் வயல்களிடையே குத்தகை நிலத்தில் தார்ப்பாய்க் கூடாரம் இட்டோரும், நகரத்து மாடிகளின் கீழறைகளில் ஒண்டியோருமாக அவர்கள் சிதறியிருந்தனர். எளிதிற் கிடைப்போரை மட்டும் கேட்டு வருபவன், கரையில் நின்று கடலின் ஆழத்தைச் சொல்பவனை ஒப்பான். ஆதலின், பதிவேட்டில் உள்ள பெயர்களிலிருந்து சீட்டுக் குலுக்குவதுபோல் சிலவற்றை எடுத்து, அப்பெயருக்கு உரியவர் எங்கிருப்பினும் தேடிச் சென்றோ, தொலைபேசி வழியாகவோ கேட்கும் முறை கையாளப்படுகிறது. இதுவும் குறையற்றதன்று. பதிவேட்டில் பெயர் இல்லாதவர் இக்கணக்கில் வாரார்.

வீட்டுக்குள் சென்ற பின்னும் ஐயம் தீர்வதில்லை. குடும்பத்தலைவர் ஒரு விடை சொல்லுவார். அடுப்பங்கரையில் நிற்கும் மனைவியின் உள்ளத்தில் வேறொரு விடை இருக்கும். கணவனைப் போரில் இழந்து, குழந்தைகளுடன் தனித்து வாழும் பெண்ணின் விடை மற்றொன்றாக இருக்கும். ஒருவரைக் கேட்டுவிட்டு ஐவரின் எண்ணம் இதுவென எழுதுவது எளிது. உண்மை அதனால் மறைந்துபோம்.

கேட்கும் முறையில்தான் பிழைகள் மிகுதியாக நேர்கின்றன. ‘உங்கள் ஊரில் இப்போது அமைதி நிலவுகிறதே, திரும்ப விருப்பந்தானே?’ என்று ஒருவர் கேட்டால், அது வினாவன்று. விடையை வாயில் ஊட்டுவதாகும். வினாத்தாளுடன் வருபவரை அகதி எவ்வாறு காண்கிறார் என்பதையும் நினைக்கவேண்டும். ‘இவர் அரசின் ஆளோ? போகமாட்டேன் என்றால் உதவியை நிறுத்திவிடுவாரோ? போவேன் என்றால் நாளையே வண்டியில் ஏற்றிவிடுவாரோ?’ என அவர் உள்ளம் அஞ்சும். அஞ்சிய உள்ளம் கேட்பவருக்கு உவப்பான விடையையே தரும். ஆதலால், தேர்ந்த ஆய்வாளர் தாம் யார், எதற்காகக் கேட்கிறோம் என்பதை முதலிலேயே விளங்கச் சொல்லுவர். விடையால் உதவியில் கூடுதலோ குறைவோ நேராது என உறுதி தருவர். விடை கூற மறுக்கும் உரிமையும் உண்டு என்பர். ‘தெரியவில்லை’ என்ற விடைக்கும் தாளில் ஓர் இடம் வைத்திருப்பர். நாளை என்ன நேரும் என அறியாத மனிதர் ‘தெரியவில்லை’ என்று சொன்னால், அது விடை தர இயலாமை அன்று. அவர் நிலையை உள்ளபடி உரைக்கும் விடை அதுவே.

தமிழகமும் இத்தகைய ஓர் ஐயத்தை நேரிற் கண்டதுண்டு. இலங்கையில் 1983-ஆம் ஆண்டு நிகழ்ந்த கலவரத்துக்குப் பின் கடல் கடந்து வந்த தமிழ் அகதிகளைத் திருப்பி அனுப்பும் பணி 1992 ஜனவரியில் தொடங்கிற்று. அவர்கள் மனமுவந்து செல்கின்றனரா என்னும் கேள்வி உடனே எழுந்தது. ஆங்கிலத்தில் அச்சிட்ட இசைவுத் தாள்களில், அம்மொழி அறியாதோரும் கையொப்பமிடுகின்றனர் என்று மனித உரிமை அமைப்புகள் குறை கூறின. அவ்வாண்டிலேயே அகதிகள் ஆணையரகத்தின் அலுவலர் சென்னையிலிருந்து, புறப்படுவோரைக் கண்டு அவர் விருப்பத்தைக் கேட்டறிய ஏற்பாடாயிற்று. கையொப்பம் ஒன்று, உடன்பாடு மற்றொன்று. 1951-ஆம் ஆண்டு ஜெனீவாவில் உருவான அகதிகள் உடன்படிக்கை, உயிருக்கோ விடுதலைக்கோ இடர் நேரக்கூடிய நாட்டுக்கு அகதியைத் திருப்பி அனுப்பலாகாது என விதித்தது. அவ்விதிக்கு உயிர் கொடுப்பது, அகதியிடம் அவருக்குப் புரியும் மொழியில், அச்சமின்றி விடை சொல்லும் சூழலில் கேட்பதேயாம்.

போரினால் அன்றிப் பிழைப்பு நாடி வெளிநாடு சென்றோரிடமும் இதே வினா கேட்கப்பட்டுள்ளது. அங்கே அச்சம் குறைவு. எனினும், விடை அங்கேயும் ஏமாற்றியது. 1961 அக்டோபர் 30-ஆம் நாள் மேற்கு ஜெர்மனியும் துருக்கியும் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. அதன்படி துருக்கித் தொழிலாளர் இஸ்தான்புல்லில் இரயிலேறி மூனிக் நகரில் வந்திறங்கினர். ‘விருந்தினர் தொழிலாளர்’ என்பது அவர்க்கு வழங்கிய பெயர். விருந்தினர் ஒருநாள் போய்விடுவர் அன்றோ? இரண்டாண்டு உழைத்தபின் திரும்பவேண்டும் என்பதே தொடக்க விதி. ஆனால், பழகிய தொழிலாளியை அனுப்பிவிட்டுப் புதியவனைப் பழக்குவதில் ஆலை முதலாளிகளுக்கு விருப்பமில்லை. 1964-இல் அவ்விதி கைவிடப்பட்டது.

1973 நவம்பரில் ஜெர்மனி புதிய தொழிலாளரை எடுப்பதை நிறுத்தியது. இதனால் அயல்நாட்டார் தொகை குறையும் என எண்ணினர். நிகழ்ந்ததோ வேறு. ‘இப்போது ஊருக்குப் போனால் மீண்டும் இங்கு வர இயலாது’ என உணர்ந்த தொழிலாளர் பலர், தாம் போவதை விட்டு, மனைவி மக்களைத் தம்மிடம் வரவழைத்தனர். திறந்திருந்தவரை போய்வர எண்ணிய வாயில், மூடப்பட்டதும் உள்ளிருந்தோரை உள்ளேயே நிறுத்திவிட்டது. 1983-ஆம் ஆண்டின் சட்டமொன்று, திரும்பிச் செல்லும் தகுதியுள்ள தொழிலாளிக்கு 10,500 மார்க்கும், ஒவ்வொரு குழந்தைக்கும் 1,500 மார்க்கும் தர முன்வந்தது. சிலர் பெற்றுக்கொண்டு போயினர்; பலர் போகவில்லை.

1984-இல் ஜெர்மனியில் ஒரு பெரிய குடும்ப ஆய்வு தொடங்கிற்று. துருக்கி, இத்தாலி, கிரீஸ், ஸ்பெயின், யூகோசுலாவியா ஆகிய நாடுகளிலிருந்து வந்த குடும்பங்களும் அதில் சேர்க்கப்பட்டன. அதே குடும்பங்களை ஆண்டுதோறும் கண்டு கேட்பது அதன் சிறப்பு. சில ஆண்டுகளில் திரும்பிவிடுவோம் என்று சொன்னவருள் பலர், அக்கெடு கடந்த பின்னும் அங்கேயே இருந்தனர். கேட்டால், மேலும் சில ஆண்டுகள் என்றனர். அவர்கள் பொய் சொன்னாரல்லர். சொன்ன நாளில் அது உண்மையே. பிள்ளைகளின் பள்ளி, கட்டி முடியாத ஊர் வீடு, எட்டாத சேமிப்பு ஆகியவை அவ்வுண்மையை ஆண்டுக்காண்டு தள்ளி வைத்தன. பிரித்தானியாவில் குடியேறிய பாகிஸ்தானியரிடம் இந்நிலையைக் கண்ட முகம்மது அன்வர், 1979-இல் தாம் வெளியிட்ட நூலுக்கு ‘திரும்புதல் என்னும் புனைவு’ என்று பொருள்படும் பெயரையே சூட்டினார்.

ஆகவே, இன்று பெற்ற விடை இன்றைய நிலைமைக்கே உரியது. நிலைமை மாறின் விடையும் மாறும். இதனைச் சிரியா மிக விரைவிற் காட்டியது. 2024 டிசம்பர் 8-ஆம் நாள் பஷார் அல் அசாத்தின் ஆட்சி வீழ்ந்தது. சில வாரங்களில், 2025 ஜனவரியில், ஆணையரகம் முன்னைய வினாக்களையே மீண்டும் கேட்டது. என்றேனும் திரும்புவோம் என்றவர் நூற்றுக்கு 57-இலிருந்து 80 ஆயினர். ஓராண்டுக்குள் திரும்ப எண்ணியோர் 1.7-இலிருந்து 27 ஆயினர். அதே முகாம், அதே தகர வீடு, அதே மக்கள்; கேட்ட வினாவும் அதுவே. முன்பு கைதூக்காதிருந்தவர் ஊரை மறந்தவரல்லர் என்பது இப்போது விளங்கிற்று. அந்த ஆண்டு செப்டம்பர்த் திங்களுக்குள் பத்து இலட்சம் பேர் சிரியாவுக்குத் திரும்பிவிட்டனர்.

ஆயினும், 27 என்பது நூற்றில் கால்பங்கினும் சற்றே மிகுதி, அவ்வளவுதான். ஆட்சி மாறினும் இடிந்த கூரை தானே எழவில்லை. திரும்ப விரும்பியோருள்ளும் பலர் வேறொன்று கேட்டனர். ‘முதலில் ஒருமுறை போய்ப் பார்த்து வர விடுங்கள்’ என்பதே அது. எல்லையைக் கடந்து சொந்த நாட்டுக்குள் சென்றவர் அகதி என்னும் நிலையை இழந்து, மீண்டும் வரமுடியாமற் போவது பல இடங்களில் வழக்கம். ஆதலின், பார்க்காமல் முடிவு செய்; அன்றேல் பார்க்கப்போய் இருக்கும் இடத்தையும் இழ என்னும் இடுக்கில் அவர்கள் அகப்பட்டிருந்தனர். துருக்கி அரசு இதற்கு ஒரு வழி செய்தது. 2025 ஜனவரி 1 முதல் ஜூலை 1 வரை, குடும்பத்துக்கு ஒருவர் மூன்று முறை வரை சிரியாவுக்குச் சென்று திரும்பலாம் என இசைவளித்தது.

அவ்வாறு செல்பவர் தம் தெருவைத் தேடிக் கண்டுபிடிப்பார். சுவர் நிற்கிறதா, கிணற்றில் நீர் உண்டா, பள்ளியில் ஆசிரியர் வருகிறாரா, அண்டை வீட்டார் யார் திரும்பியுள்ளார், தம் வீட்டில் இப்போது வேறு யாரேனும் குடியிருக்கின்றனரா என ஒவ்வொன்றாகப் பார்ப்பார். பின்னர் எல்லையைக் கடந்து மனைவி மக்களிடம் வருவார். அன்றிரவு அக்குடும்பத்தில் நிகழும் பேச்சை எந்த வினாத்தாளும் கேட்டதில்லை. சில வாரங்கள் கழித்து அலுவலர் வந்து வழக்கமான வினாவைக் கேட்கும்போது, அப்பேச்சின் முடிவையே அவர் விடையாகச் சொல்லுவார்.