நோவாத நோய்

நோய், நோவு என்னும் இரு சொற்களும் 'நோ' என்னும் ஓரடியிற் பிறந்தவை. நோவது எதுவோ அதுவே நோய் என்று நம் முன்னோர் கருதினர் போலும். உடம்பின் பல உறுப்புக்களுக்கு இக்கருத்துப் பொருந்தும், வாய்க்குப் பொருந்தாது. வாயில் தோன்றும் பெரிய நோய்கள் தொடக்கத்தில் நோவதேயில்லை. நோவு தோன்றுங்காலத்தில் நோய் முதிர்ந்துவிடுகின்றது. பல் மருத்துவரை நாடி வருவோருள் மிகப் பலர், 'இரவெல்லாம் உறக்கமில்லை' என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டே வருகின்றனர். அவ்விரவுக்குப் பல திங்கள் முன்னரே, சிலர்க்குப் பல ஆண்டுகள் முன்னரே, வாய் தன் குறிகளைக் காட்டியிருக்கும். அவை யாவை என்பதை ஈண்டு ஒருவாறு ஆராய்வோம்.

முதற்கண் சொத்தைப் பல்லை எடுத்துக்கொள்வோம். இதனைப் 'பூச்சிப் பல்' என்பது நம் நாட்டு வழக்கு. பல்லினுள் புழுப் புகுந்து அரிக்கின்றது என்னும் எண்ணம் நமக்கே உரியதன்று. பழைய பாபிலோனியரும் அவ்வாறே எண்ணினர். பியேர் ஃபோஷார் என்னும் பிரெஞ்சு மருத்துவர் 1728-இல் வெளியிட்ட தம் பெருநூலில் புழுவே காரணம் என்பதை மறுத்தார். உண்மைக் காரணத்தை 1890-இல் விளக்கியவர் மில்லர் என்னும் அமெரிக்கர். வாயில் வாழும் நுண்ணுயிர்கள் பல்லில் ஒட்டிய சர்க்கரையையும் மாப்பொருளையும் புளிக்கச் செய்கின்றன. அப்புளிப்பு, எனாமல் என்னும் பல்லின் மேலோட்டைக் கரைக்கின்றது. ஆகவே, கண்ணுக்குப் புலனாகாத பூச்சி என்று கொள்வோமாயின், நம் வழக்குச்சொல் முழுப் பிழையன்று. கண்டங்கத்திரி விதையைப் புகைத்து அப்புகையை வாயிற் பிடித்தால் பூச்சி வெளியேறும் என்பதுதான் பிழை. புகை போய்விடும், குழி அங்கேயே நிற்கும்.

சொத்தையின் முதற்குறி கரிய குழியன்று. சுண்ணாம்பு தீற்றினாற் போன்ற ஒரு வெண்புள்ளி. எனாமலுக்கு நரம்பில்லாமையால் அப்போது நோவும் இல்லை. அந்நிலையில் உமிழ்நீரிலுள்ள தாதுப்பொருள்களும், பற்பசையில் சேர்க்கப்படும் ஃபுளூரைடும் கரைந்த இடத்தை மீண்டும் உறுதிப்படுத்தக்கூடும். நிறம் பழுத்து, மேலோடு உடைந்து, அழிவு உள்ளே சென்ற பின்னரே தண்ணீரும் இனிப்பும் பட்டவுடன் 'சுரீர்' என்று கூசும். பின்னும் அசட்டை செய்தால் பல்லின் உள்ளறையிலிருக்கும் நரம்பு வீங்கும். இராக்காலத்தில், அதிலும் படுத்தவுடன், தெறிக்கத் தொடங்கும். இனித்தான் நம்மவர் பலர் ஏமாறும் இடம் வருகின்றது. சில நாளில் வலி தானாகவே நின்றுவிடுகின்றது. கிராம்புத் தைலம் கைகண்ட மருந்தென்று மகிழ்கின்றனர். உள்ளேயிருந்த நரம்பு இறந்துபோயிற்று என்பதே பெரும்பாலும் அதன் பொருள். திங்கள் சில சென்றபின் ஈற்றிற் கட்டி எழுந்து சீழ் வடியும்பொழுதுதான் உண்மை வெளிப்படும்.

இனி ஈற்று நோய். பல் துலக்கும்போது குருதி கசிதல் அதன் முதற்குறி. குருதியைக் கண்டவர் அவ்விடத்தைத் தொடாமல் விட்டுவிடுகின்றனர். செய்யத்தக்கது அதற்கு நேர்மாறானது. 1965-இல் டென்மார்க்கு நாட்டு ஆர்ஹூஸ் நகரில் லோ என்பவரும் அவர்தம் துணைவரும் ஒரு சோதனையை வெளியிட்டனர். நல்ல ஈறுடைய பன்னிருவர், பெரும்பாலும் மாணவர், பல் துலக்குவதை அறவே நிறுத்தினர். பத்து முதல் இருபத்தொரு நாளுக்குள் அனைவர்க்கும் ஈறு சிவந்து வீங்கிற்று. மீண்டும் துலக்கத் தொடங்கியபின் ஏறத்தாழ ஒரு வாரத்தில் வீக்கம் தணிந்தது. அழுக்கே காரணம் என்பதற்கும், தொடக்கத்தில் அது தீரும் என்பதற்கும் இதனினும் தெளிவான சான்று வேண்டா. தீராமல் விட்டால் அழுக்கு இறுகிக் காரையாகும். ஈறு பல்லை விட்டு விலகும். பல்லைத் தாங்கும் எலும்பு கரையும். 'பல் நீண்டுவிட்டது' என்பர்; நீண்டது பல்லன்று, தேய்ந்தது ஈறு. இத்துணையும் பெரும்பாலும் வலியின்றியே நடைபெறும். நீரிழிவுடையார்க்கு இஃது இன்னும் விரைந்து முதிரும். புகை பிடிப்போர்க்கோ குருதி கசிவதும் குறைந்துவிடுவதால் அந்த ஒரு குறியும் மறைந்துபோகின்றது.

வாயோரம் வெடித்தலும் நாக்குச் சிவத்தலும் சத்துக் குறைவாலும் வரும். 1930-களில் குன்னூரிலிருந்த உணவாராய்ச்சிச் சாலையில் அய்க்ராய்டு முதலியோர் இதனை ஆராய்ந்தனர். விடுதி மாணவர் பலரும் அஞ்சும் சிறு வாய்ப்புண்ணோ, உப்புப் பட்டால் உயிர் போவதுபோல எரியினும், பத்துப் பதினைந்து நாளில் தானே ஆறிவிடும். மிக நோவது மிகக் கொடியதன்று என்பதற்கு இதுவே போதிய எடுத்துக்காட்டு.

கொடியது பாக்கினால் வருவது. விருந்தின் முடிவில் வெற்றிலை பாக்கு வைப்பது நம் மரபாதலின் இதனைச் சொல்ல நாக்கூசுகின்றது. ஆயினும் சொல்லாமல் விடுதல் தகாது. இடைவிடாது பாக்கு மெல்லுவோர்க்கு முதலில் காரம் தாங்காமல் வாய் எரியும். பின்னர்க் கன்னத்தின் உட்புறம் வெளுத்து, நார் நாராக இறுகும். வாய் சிறிது சிறிதாகத் திறக்க மாட்டாமற் போகும். நலமுடையவர் தம் மூவிரலை நெடுக்காக மேற்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையே நுழைக்கலாம். இந்நோயாளர்க்கு இரண்டும் நுழைவதரிது. ஷ்வார்ட்ஸ் என்பவர் 1952-இல் கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்டிர் ஐவரிடம் இதனைக் கண்டு எழுதினார். புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய்க்குக் காரணமாகும் என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004-இல் வெளியிட்டது. தாத்தா மென்ற தாம்பூலத்தைக் கண்டு முகஞ்சுளிக்கும் இளைஞர், பளபளக்கும் பொட்டலத்தில் வரும் பான் மசாலாவை மெல்லுவது நமக்கு வியப்பாகவே இருக்கின்றது.

புற்றும் தொடக்கத்தில் நோவதில்லை. பாக்கும் புகையிலையும் அடக்கிவைக்கும் கன்னத்தில், அல்லது நாவின் ஓரத்தில், துடைத்தாலும் போகாத வெண்படலமோ செம்படலமோ தோன்றும். அல்லது இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத, வலியற்ற புண் ஒன்றிருக்கும். இவற்றைக் கண்டவர் காலந்தாழ்த்தலாகாது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் தொடங்கிய ஆராய்ச்சி ஒன்றில், பணியாளர் வீடுதோறும் சென்று மக்களின் வாயைத் திறக்கச்செய்து நோக்கி, ஐயமுற்றவரை மருத்துவரிடம் அனுப்பினர். புகையிலையோ மதுவோ பழகியவரிடையே, இவ்வாறு நோக்கப்பெற்ற பகுதிகளில் வாய்ப்புற்றால் இறந்தோர் தொகை ஏனைப் பகுதிகளைவிட நூற்றுக்கு 34 பங்கு குறைந்திருந்ததாக 2005-இல் அறிவித்தனர். வீடு வீடாகச் சென்ற அப்பணியாளர் மருத்துவரல்லர். பிற பாடங்களிற் பட்டம் பெற்று, இதற்கெனச் சிறிது பயிற்சி பெற்றவரே ஆவர்.