மின்னணுத் தொழிற்கல்வி: உப்பளக் கரையிலிருந்து ஒரு பாடம்

திண்டிவனத்தினின்று மரக்காணத்திற்குச் செல்லும் சாலையிலே பெருமுக்கல் என்னும் ஊர் இருக்கின்றது. அவ்வூர்க் குன்றின்மீது பழைய சிவாலயம் ஒன்றும், பாறைக் குகையில் வரலாற்றுக்கு முற்பட்ட மாந்தர் கீறிய உருவங்களும் உள. அங்கிருந்து கிழக்கு நோக்கிச் செல்வோமாயின் மரக்காணத்து உப்பளங்களை அடைவோம். மின்னணுக் கருவிகளையும் தானியங்கி யந்திரங்களையும் பேணும் தொழிலைக் கற்க விரும்பும் மாணவர்க்கு இவ்வுப்பளமே நல்லதொரு பள்ளிக்கூடமாகும். அஃது எங்ஙனமென்பதை ஈண்டு ஆராய்வோம்.

கடல்நீரின் செறிவு போமே மானியில் ஏறக்குறைய 3 பாகை இருக்கும். அந்நீர் பாத்திக்குப் பாத்தி மாறி, வெயிலிற் காய்ந்து, 25 பாகையை எய்தும்போது உப்புப் படியத் தொடங்கும். அதற்கு முன்னரே ஜிப்சம் பிரிந்துவிடும். 29 பாகைக்கு மேற் சென்றாலோ மெக்னீசிய உப்புக்கள் கலந்து கைப்பு ஏறும்; ஆதலின் எஞ்சிய நீரை வடித்துவிடல் வேண்டும். இத்தொழிலில் உப்பளத்தார் செய்வன மூன்று: அளத்தல், அளந்ததை வேண்டிய அளவோடு ஒப்பிடுதல், அதற்கேற்ப மடையைத் திறத்தல் அல்லது அடைத்தல். தானியங்கி யந்திரம் எதுவாயினும் அது செய்வதும் இம்மூன்றே. அளப்பது உணரி, ஒப்பிடுவது கட்டுப்பாட்டுக் கருவி, செயலாற்றுவது மோட்டார் அல்லது வால்வு.

முற்காலத்தில் ஒப்பிடும் வேலையை ரிலேக்கள் செய்தன. தொழிற்சாலையில் உற்பத்தி முறை மாறுந்தோறும் நூற்றுக்கணக்கான கம்பிகளைக் கழற்றி மீண்டும் பூட்ட வேண்டியிருந்தது. 1968-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் டிக் மார்லி என்பாரும் அவர்தம் குழுவினரும் இக்குறையை நீக்க முற்பட்டனர். அதன் பயனாகத் தோன்றியதே மோடிகான் 084 என்னும் கருவி. அவர்களுடைய எண்பத்து நான்காவது வேலையாதலின் அதற்கு அப்பெயர் வந்தது. கம்பியை மாற்றாது கட்டளையை மட்டும் மாற்றினால் யந்திரத்தின் செயல் மாறும். அக்கட்டளையும் ஏணி போன்ற படமாக, பழைய ரிலே வரைபடத்தை ஒத்தே அமைந்தது. ஆகவே மின்வேலை அறிந்தோர் அதனை எளிதிற் பயின்றனர். பழைய தொழிலறிவு புதியதற்குப் படியாயிற்று என்பதை மாணவர் கருத்தில் இருத்துக.

இனி ஓர் உதாரணம் காண்போம். உப்புநீர்த் தொட்டி ஒன்றின் ஆழம் 4 மீட்டர் எனக் கொள்வோம். நீர்மட்டத்தை அளக்கும் உணரி, தொட்டி வெறுமையாயின் 4 மில்லியாம்பியரும், நிறைந்தால் 20 மில்லியாம்பியரும் மின்னோட்டம் அனுப்பும். இடைப்பட்ட 16 மில்லியாம்பியர் 4 மீட்டரைக் குறிப்பதால், ஒரு மீட்டருக்கு 4 மில்லியாம்பியர் ஆகும். மீட்டர் 8 காட்டினால் நீரின் உயரம் 1 மீட்டர். 12 காட்டினால் 2 மீட்டர்.

வெறுமைக்கு 0 என்னாது 4 என வைத்தது ஏன்? கம்பி அறுந்தால் மின்னோட்டம் 0 ஆகும். வெறுமையும் 0 எனின், அறுந்த கம்பிக்கும் வெறுந்தொட்டிக்கும் வேறுபாடு தெரியாது. தொட்டி காலியென எண்ணிப் பம்பு ஓடும்; பாத்திகளிற் காய்ந்து செறிந்த நீர் வழிந்து வீணாகும்; பல நாள் உழைப்பும் அதனோடு போம். “ஒன்றுமில்லை” என்னும் விடை வேறு, விடையே வாராமை வேறு. இவ்வேறுபாட்டை அறிந்தவனே தொழில் வல்லுநன்.

கடற்கரையில் மற்றோர் இடரும் உண்டு. உப்பங்காற்றின் ஈரம் இணைப்பு முனைகளிற் படிந்து, மின்னோட்டம் கசிய வழி செய்யும். அக்கசிவு உணரியின் ஓட்டத்தோடு சேர்ந்து, உள்ளதினும் மிகுதியான மட்டத்தைக் காட்டும். பம்பு உரிய காலத்திற்கு முன்னரே நின்றுவிடும். கருவியை மாற்றினாலும் இக்குறை தீராது. மின்சாரத்தை முற்றும் துண்டித்து, பிறர் இணைத்துவிடாதபடி பூட்டிட்டு, முனைகளைத் துடைத்து உலர்த்திப் பெட்டியை நன்கு அடைத்தலே தக்க பரிகாரம்.

இக்கல்விக்கு வழிகள் பல உள. நம் மாகாணத்தில் 1949-இல் குரோம்பேட்டையில் சி. இராஜம் அவர்கள் நிறுவிய சென்னைத் தொழில்நுட்பக் கழகம் மின்னணுவியலையும் அளவுக்கருவி நுட்பத்தையும் தொடக்கத்திலேயே பாடங்களாக ஏற்றது. 1950-இல் இந்திய அரசாங்கம் கைவினைஞர் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கிற்று. அதன் வழி வந்தவையே இன்றைய ஐ.டி.ஐ.க்கள். பத்தாம் வகுப்புத் தேறினோர் அங்கு ஈராண்டில் மின்னணு மெக்கானிக் பயிற்சி பெறலாம். பாலிடெக்னிக்கில் பட்டயப் படிப்பு மூவாண்டு. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தால் ஆலையிலேயே உதவித்தொகையுடன் பழகவும் இடமுண்டு. டாட்டா டெக்னாலஜீஸ் நிறுவனத்துடன் கூடி 71 அரசினர் ஐ.டி.ஐ.க்களைப் புதுப்பிக்கும் திட்டத்தைத் தமிழ்நாட்டு அரசு மேற்கொண்டது. அதன்படி யந்திரக் கையையும் தானியங்கிமுறையையும் கற்பிக்கும் கூடங்கள் 2023-இல் திறக்கப்படலாயின.

யந்திரம் வந்தால் உப்பளத் தொழிலாளரின் கூலி என்னாகுமென்று சிலர் வினவுவர். அவ்வினா நியாயமானதே, அதனைத் தட்டிக்கழித்தல் தகாது. வாரும் கைகள் சில குறையக்கூடும். ஆனால் வெயிலில் நின்று நீரின் பக்குவத்தைக் கண்ணாலேயே அறியும் குடும்பத்துப் பிள்ளையைவிட, அந்நீரை அளக்கும் கருவியைப் பேண உரிமையுடையார் யார்? அப்பிள்ளைக்குப் பயிற்சி கிட்டாதாயின் வெளியூரார் வந்து அவ்வேலையை ஏற்பர். உள்ளூரார்க்கு யந்திரத்தின் இழப்பு மட்டுமே எஞ்சும்.

கைத்தொழிலைத் தாழ்வென எண்ணுதல் நமக்குப் பொருந்தாது. ஆர்க்காட்டு மிஷனார் காட்பாடியில் தொழிற்பாடசாலை நடத்தி, வேதத்தோடு தச்சுளியையும் கற்பித்தனர். நாம் வணங்கும் ஆண்டவரும் தச்சர் இல்லத்தில் வளர்ந்தவரே. ஆதலால் நம் கல்லூரி மாணவர் விடுமுறையில் தத்தம் ஊர் செல்லுங்கால், பத்தாம் வகுப்போடு நின்ற இளைஞரைக் கண்டு இவ்வழிகளை எடுத்துரைத்து, விண்ணப்பம் எழுதவும் கணக்குப் பயிலவும் துணை செய்வாராக. பழைய மாணவருள் ஆலைகளில் உயர்பதவி வகிப்போர், ஆண்டுக்கு ஒரு பழகுநரையேனும் இக்கரையிலிருந்து ஏற்றுக்கொள்வாராயின் பெரும் நன்மை விளையும்.