உளியோசையும் ஒலிச்சேர்க்கையும்

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். நான் படிப்பது செங்கல்பட்டில். தந்தை உளி பிடிப்பது மாமல்லபுரத்தில். அவர் வேலை செய்வதைக் கைப்பேசியில் படம் பிடித்தேன். கடற்காற்றின் இரைச்சலில் உளியோசை அமுங்கிப் போயிற்று. எனவே, கணினியில் படத்தொகுப்பு மென்பொருளின் துணையுடன் ஆயத்தமாகக் கிடைத்த வேறோர் உளியோசையைச் சேர்த்தேன்.

இதன் இயற்பியல் எளிது. மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை உணரும். ஒலியை எண்களாக்க, அதன் இருமடங்குக்கு மேல் மாதிரிகள் வேண்டும். ஆகவே வீடியோவில் நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுப்பது வழக்கம். நொடிக்கு 25 படங்கள் எனில், ஒரு படத்திற்கு 0.04 நொடி. சுத்தி உளியில் படும் படத்தைக் கண்டறிந்து, ஒலி எழும் முனையை அங்கே பொருத்த வேண்டும். இரண்டு மூன்று படங்கள் பிசகினாலும் உறுத்தும்.

இம்மியும் பிசகாமல் பொருத்தித் தந்தையிடம் காட்டினேன். "இது கருங்கல் சத்தம் இல்லப்பா" என்றார்.

மறுநாள் விடியலில், காற்று அடங்கிய வேளையில், அவர் பட்டறையிலேயே ஓசையைப் பதிந்து சேர்த்தேன். கண்மூடிக் கேட்டுத் தலையசைத்தார். நேரத்தை மென்பொருள் பொருத்தும். கல்லை அறிந்த செவியே உண்மையைச் சொல்லும். இதுவே நான் கற்ற பாடம்.